பால் கொடுத்த மரத்தில் ஒரு பொம்மைகூடச் செய்யவில்லையே!

(கைத்தொழிலும் நம் பிள்ளைகளும் என்னும் பொருளில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், செமோரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னே பேசிய தம்பி கணினியைப் பற்றிப் பேசினார். அவருக்கு முன்னே பேசிய சகோதரி அழகுக்கலை நிலையம் நடத்துவதைப் பற்றிப் பேசினார். நான் மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கணினிக்குப் பிறகு மரமா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிறிய பாலேட்டு நிறம், லேசான இளஞ்சிவப்பு, சின்னச் சின்னத் துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்து ஒட்டிய பலகை. கண்டு கொள்கிறீர்களா? அது ரப்பர் மரம். உங்கள் பாட்டி விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு, நிரை நிரையாக ஓடி ஓடிப் பால் வெட்டிய அதே மரம்.

நான் செமோரில் பிறந்தவன். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், இன்னொரு பக்கம் ஈய லம்பக் குட்டைகள், நடுவில் தோட்டங்கள் என்று இருந்த இடம். இன்று அந்தத் தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன, சில செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர் தோப்பு பார்க்க வேண்டுமென்றால் பேரப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கொண்டு தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த மரம் நம் நாட்டுக்கு வந்த கதை பலருக்குத் தெரியும், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் எங்கள் பேராக் மாநிலத்துக்குத்தான் வந்தன. ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடென்ட் அவற்றைக் கோல கங்சாரில் நட்டார். அந்த நாளைய மரம் ஒன்று இன்றும் கோல கங்சாரில் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. செமோரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான். பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிறகு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகுதான் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் கப்பலேறி வந்தார்கள். அந்தக் கதையை நான் இங்கே விரிக்கவில்லை. என் கேள்வி வேறு. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மரத்தோடு ஒட்டி வாழ்ந்திருக்கிறோம். அதன் பட்டையைத் தொட்டே எந்த மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று சொல்லக் கூடிய கைகள் நமக்கு இருந்தன. அந்த மரத்தில் நாம் என்ன செய்தோம்? ஒரு பொம்மை? ஒரு தட்டு? ஒரு சாமி சிலை? எரித்தோம் ஐயா, எரித்தோம்.

அடுப்பில் போன மரம்

தோட்டத்து ரப்பர் மரம் பயன் தரும் காலம் 25லிருந்து 30 ஆண்டு. அதற்குப் பிறகு பால் குறைந்துவிடும். மறுநடவு செய்ய மரத்தைச் சாய்ப்பார்கள். வேரில் வெள்ளை வேர் நோய் தங்கிவிடும் என்பதால் அடிக்கட்டையையும் தோண்டி எடுப்பார்கள். சாய்த்த மரம் எங்கே போனது? புகைக் கொட்டகைக்குப் போனது. நம் லயத்து அடுப்புக்குப் போனது. செங்கல் சூளைக்குப் போனது. பிறையில் இருந்த மலாயாவாத்தா எஃகு ஆலை 1960களில் இரும்பு உருக்கத் தொடங்கியபோது, ரப்பர் மரக் கரியைத்தான் உலையில் போட்டது. மீந்ததைக் காட்டிலேயே குவித்துக் கொளுத்தினார்கள்.

அன்றைக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ரப்பர் மரம் பலகைக்கு ஆகாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. இந்த மரத்தின் உள்ளே மாவுச் சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட இரண்டொரு நாளில் நீலம் பாய்ந்துவிடும், பூஞ்சைதான் அது. பிறகு வண்டு ஏறும். நம் ஊரில் உளுத்துப் போச்சு என்போமே, அதேதான். துளை துளையாகப் போட்டு மாவாக உதிர்த்துவிடும். பாட்டிக்குப் பால் கொடுத்த மரம் வண்டுக்குச் சோறு போட்டது.

இதை மாற்றியவர்கள் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தாரும் பலகை ஆலைக்காரர்களும். மரத்தைச் சாய்த்த உடனே அறுக்க வேண்டும். அறுத்த பலகையை இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, போரிக் அமிலமும் போராக்சும் கலந்த நீரை அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்த வேண்டும். பிறகு சூளை அறையில் வைத்து, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு இறங்கும்வரை காய வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. அதன்பிறகு வண்டு கிட்டே வராது. காய்ந்த பலகை ஒரு கன மீட்டர் 560 முதல் 640 கிலோ எடை இருக்கும். தேக்கை ஒட்டிய எடை. ஆணி ஏற்கும், சாயம் ஏற்கும், கடைசலுக்கு நன்றாக வரும். ஒரே ஒரு குறை, வெயிலிலும் மழையிலும் வைக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் உள்ளே ஏற்றிய மருந்து கரைந்து போய்விடும்.

1970களின் இறுதியிலிருந்து இந்தப் பலகை வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. பலகையாகவே எல்லாம் போய்விட்டால் உள்ளூர்த் தளவாடக்காரர்களுக்கு மரம் கிடைக்காது என்று அரசாங்கம் 1990ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தீர்வை விதித்தது. மூவார் பட்டணம் தளவாடத்துக்குப் பேர் போனது இப்படித்தான். இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும் பங்கு ரப்பர் மரம். அமெரிக்காவில் அதற்கு 'மலேசிய ஓக்' என்று ஒரு கௌரவப் பெயர்கூட உண்டு. நம்மோடு லயத்தில் கிடந்த மரம், கடல் தாண்டிப் போனதும் துரை ஆகிவிட்டது!

ஆனால் நாற்காலிக் கால் செய்வது ஆலை வேலை. இயந்திரம் ஒரு நாளைக்கு ஆயிரம் கால் கடையும், ஆயிரமும் ஒன்றுபோல் இருக்கும். நான் பேச வந்தது கை வேலையைப் பற்றி.

பெட்டிப் பலகையில் பிறந்த குதிரை

என் தகப்பனார் தோட்டத்துத் தச்சர். ஆசாரி என்று கூப்பிடுவார்கள். லயத்துக்குப் பலகை மாற்றுவது, ஸ்டோருக்குக் கதவு போடுவது, கிராணி வீட்டு நாற்காலியைப் பழுது பார்ப்பது, இவைதான் சம்பள வேலை. சம்பளம் இல்லாத வேலை இரண்டு உண்டு. குழந்தை பிறந்தால் நடைவண்டி. யாராவது இறந்தால் பெட்டி. இரண்டுக்கும் அவர் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் ஒரே உளி, ஒரே இழைப்புளி, ஒரே கொட்டாப்புளி.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு மரக் குதிரை வாகனம் இருந்தது. என் தகப்பனாருக்கும் முந்திய ஆசாரி ஒருவர் செய்தது என்பார்கள். அவர் யார், எந்த ஊர் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. தோட்டம் கைமாறி, கோயில் இடம் மாறியபோது, பழைய குதிரையை மரத்தடியில் போட்டுவிட்டு, புதுக் கோயிலுக்கு வெளியிலிருந்து பளபளவென்று ஒரு ஃபைபர் குதிரை வாங்கினார்கள். பழையது இரண்டு மழைக்காலம் நனைந்தது. மிச்சம் கிடந்த தலையையும் வயிற்றுப் பலகைகளையும் நான் கேட்டு வாங்கிக் கொண்டு வந்தேன்.

வீட்டில் வைத்துத் துடைத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தலை ஒரு மரம், கழுத்து வேறு மரம். வயிற்றுப் பலகையின் உட்பக்கம் கறுப்பு மையில் ஆங்கில எழுத்துகள். ஏதோ இயந்திரம் கப்பலில் வந்த பெட்டிப் பலகை அது! வெள்ளைக்காரன் தூக்கிப் போட்ட பெட்டியை உடைத்து ஒரு மனிதர் சாமிக்குக் குதிரை செய்திருக்கிறார். பிடரி மயிரைப் பாருங்கள், ஒவ்வொரு சுருளும் வேறு வேறு ஆழம். வலப்பக்கக் கண்ணை விட இடப்பக்கக் கண் கொஞ்சம் பெரிது. ஊர்வலம் போகும்போது சனங்கள் நிற்பது எந்தப் பக்கம் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தாரோ, என்னவோ. கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இதற்குப் பெரிய விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மரம் கிடைக்காத இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

இந்த மாதிரிக் குதிரை, சிங்கம், மயில், சப்பரம், பலகைக் கதவு என்று எத்தனை தோட்டத்துக் கோயில்களில் இருந்திருக்கும்? எத்தனை மரத்தடியில் கிடந்து மண்ணாகியிருக்கும்? கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அன்பர்களை நான் கேட்டுக் கொள்வதெல்லாம், பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள், யார் செய்தது என்று முதியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள் என்பதுதான்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள்

நாம்தான் இப்படி. நம்மோடு ஒரே தீவில் வாழ்ந்தவர்களைப் பாருங்கள். கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவு இருக்கிறது. தோட்டத் தீவு. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் வேலை செய்த இடம், அங்கே தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. அதே தீவில் மா மெரி என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். சதுப்பு நிலக் காட்டில் வளரும் நிரே பத்து என்ற சிவந்த கெட்டி மரத்தில் அவர்கள் தங்கள் முன்னோர் ஆவிகளைச் செதுக்குகிறார்கள். முகமூடிகளை லேசான பூலாய் மரத்தில் செய்கிறார்கள். சங்கிலி பூண்ட புலி என்று ஒரு சிற்பம் உண்டு. புலியும் சங்கிலியும் ஒரே கட்டை. ஒட்டு இல்லை, ஆணி இல்லை, வளையத்துக்குள் வளையம் ஆடும். யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை அவர்கள் சிற்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அவர்களுக்கு இன்று உள்ள கவலை, அந்த மரம் குறைந்து வருகிறதே என்பது. நமக்கு மரம் இருந்தது, கவலைதான் இல்லாமல் போனது.

எங்கள் கோல கங்சாரிலேயே 1926இல் கட்டிய கெனாங்கான் அரண்மனை இருக்கிறது. ஓர் ஆணி அடிக்காமல் மரத்தையும் மூங்கிலையும் கொண்டு மலாய்த் தச்சர்கள் கட்டியது. பிளந்த மூங்கிலை முடைந்த சுவரில் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாகக் கோலம் ஓடும். நான் மாணவர்களைக் கூட்டிக் கொண்டு போகும்போதெல்லாம் அவர்கள் ஆணியைத் தேடுவார்கள். தேடட்டும் என்று விட்டுவிடுவேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் இன்னும் உற்சாகம். சேலம் மாவட்டத்தில் தம்மம்பட்டி, பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர், அதோடு கள்ளக்குறிச்சி. மூன்று ஊரிலும் பரம்பரையாக மரச் சிற்பம் செய்கிறார்கள். கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், வாசல் கதவு, வீட்டுக் கூடத்தில் வைக்கும் பிள்ளையார் என்று எல்லாம் உண்டு. அரும்பாவூர்ச் சிற்பத்துக்கு 2020இலும் கள்ளக்குறிச்சிச் சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. தம்மம்பட்டிக்கும் உண்டு. அந்தப் பெயரைப் போட்டு வேறு ஊர்க்காரன் விற்க முடியாது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் கல், உலோகம், சுதையோடு மரச் சிற்பமும் பாடம்.

அங்கே அவர்கள் பயன்படுத்தும் மரங்களில் ஒன்று எது தெரியுமா? தூங்குமூஞ்சி மரம்! நம் தைப்பிங் ஏரிப் பூங்காவில் சாலையைத் தாண்டிக் கிளையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக் கொண்டு நிற்கிறதே, அதே மரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இலையை மூடிக் கொள்ளும் என்பதால் மலாய்க்காரர்கள் 'பூக்கோல் லீமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அலுவலகம் முடியும் நேரம் சரியாகத் தெரிந்த மரம்! தைப்பிங்கில் அதன் நிழலில் உட்கார்ந்து படம் எடுத்துக் கொள்கிறோம். தம்மம்பட்டிப் பக்கம் அதில் தசாவதாரம் செதுக்கி, நமக்கே கப்பலில் அனுப்புகிறார்கள். பூங்கா மரத்தை வெட்டச் சொல்லவில்லை, பதறாதீர்கள். புயலில் விழும் மரம், சாலை அகலப்படுத்தும்போது வெட்டும் மரம் எல்லாம் குப்பை மேட்டுக்குத்தானே போகிறது என்று சொல்ல வருகிறேன்.

ரப்பர் மரத்துக்கே வருவோம். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையில் சன்னபட்டணம் இருக்கிறது. மரப் பொம்மைக்குப் பேர் போன ஊர். முன்பெல்லாம் அங்கே வெட்பாலை மரத்தில்தான் செய்தார்கள். இப்போது ரப்பர் மரத்திலும் செய்கிறார்கள். கடைசல் சுழலும்போது அரக்குக் குச்சியை மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக் கொள்ளும். தாழை ஓலையை வைத்து மெருகு ஏற்றுவார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கு இல்லை. தாய்லாந்தில் திராங் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய பிளான் டாய்ஸ் என்ற நிறுவனம், பால் நின்றுபோன ரப்பர் மரத்தை வைத்துப் பொம்மை செய்து உலகமெங்கும் விற்கிறது. கோலாலம்பூர்க் கடையில் அந்தப் பொம்மை வண்டி ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு நான் திரும்ப வைத்துவிட்டேன். என் தகப்பனார் சும்மா கொடுத்த நடைவண்டியை நினைத்துக் கொண்டேன்.

நம் கையிலேயே இருப்பது

சரி, நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்கு வந்து பாருங்கள். காவடி என்பது அடிப்படையில் மர வேலைதான். ஒரு தண்டு, அதன்மேல் வளைந்த பலகை, இருபக்கமும் மயில் இறகு. தோட்டத்தில் அதை வீட்டுக்கு வீடு தாங்களே செய்தார்கள். மரத்தைப் பிளந்து, நனைத்து, தீயில் காட்டி வளைப்பார்கள். தோளில் உட்காரும் இடத்தை மட்டும் எத்தனை முறை இழைத்துப் பார்ப்பார்கள் தெரியுமா? சுமப்பவன் பல மைல் நடக்க வேண்டுமே! இன்றைக்குப் பல காவடிகள் அலுமினியமும் தெர்மோகோலும். பார்க்கப் பெரிதாக இருக்கிறது, எடையும் குறைவு, அதில் தப்பில்லை. ஆனால் மறுவருடம் அது எங்கே இருக்கிறது? மரக் காவடி பரணில் இருக்கும். பேரன் எடுத்துச் சுமப்பான்.

உருமி மேளம் என்றால் நம் இளைஞர்களுக்கு உயிர். செமோரில், சுங்கை சிப்புட்டில், தெருவுக்குத் தெரு குழு இருக்கிறது. அந்த உருமியின் உடல் மரத்தைக் குடைந்து செய்வது, பலா மரம் அதற்கு நல்லது என்பார்கள். உள்ளே எவ்வளவு குடைய வேண்டும், இடுப்பு எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதில்தான் அந்த முனகல் ஒலி இருக்கிறது. நான் ஒரு குழுவைக் கேட்டேன், "தம்பி, இந்த உருமி எந்த ஊரில் செய்தது?" "கடையில வாங்கினது சார்" என்றார்கள். "கடைக்காரருக்கு எங்கிருந்து வந்தது?" "இந்தியாவுல இருந்து." "அங்கே செய்தது யார்?" ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். பலா மரம் நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. வாசிக்கும் கை நம்மிடம் இருக்கிறது. குடையும் கை மட்டும் கடல் தாண்டி இருக்கிறது.

சோறு போடுமா?

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன். எஸ்பிஎம் எழுதி முடித்தவன். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் என் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறான். தளவாடப் பட்டறையில் வீசும் ரப்பர் மரத் துண்டுகளை மூட்டையில் கட்டிக் கொண்டு வருவான். என் தகப்பனாரின் உளிகளில்தான் பழகினான்.

ஒரு நாள் அவன் ஒரு துண்டை எடுத்து வந்து, "சார், இந்த மரத்தில் மட்டும் ரேகை ஏன் இப்படிச் சுற்றிக் கொண்டு போகிறது?" என்று கேட்டான். பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழம் போய் உள்ளே பட்டுவிட்டால் மரம் அந்தக் காயத்தைச் சுற்றிப் புடைத்து வளரும். அந்த முடிச்சுத்தான் அது. தளவாட ஆலைக்கு அது கழிவு. அவன் அந்த முடிச்சை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஒரு பெண்ணின் முகம் செதுக்கினான். தலைவிளக்குக் கட்டிய பெண். முடிச்சு வந்த இடத்தில் விளக்கு. பதினேழு வயதில்! நான் அந்த இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுவாரம் அவன் தாயார் வந்தார். கோபமாக இல்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். "சார், நீங்க நல்லதுக்குத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா இது சோறு போடுமா? இவன் தாத்தா மரத்தையே கட்டிக்கிட்டு அழுதாரு. இவனாவது ஏசி ரூம்ல உட்காரட்டுமே" என்றார். கணவர் இல்லாமல், தொழிற்சாலையில் இரவு முறை வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தவர். அவருக்கு நான் கலை, பண்பாடு என்று வசனம் பேச முடியுமா? பேசக் கூடாது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தட்டு செதுக்க மூன்று நாள் ஆகிறது. இரவுச் சந்தையில் கடை போட்டோம். பலர் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். "எவ்வளவு?" "நூற்று இருபது வெள்ளி." கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர், "பிளாஸ்டிக்ல அஞ்சு வெள்ளிக்குக் கிடைக்குதே தம்பி" என்று அன்பாகவே சொன்னார். அன்று விற்றது இரண்டு மரக் கரண்டி, ஒரு சாவிக்கொத்துப் பிள்ளையார். மொத்தம் முப்பது வெள்ளி. இடத்துக்கு வாடகை பத்து வெள்ளி போனது. இதை மறைத்துவிட்டு மரச் சிற்பம் செய்தால் கோடீசுவரன் ஆகலாம் என்று நான் இந்த மேடையில் சொன்னால் அது பொய்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறதே அம்மா என்றேன். நாலு மாதம் கழித்து, ஒரு கோயிலில் சாமி பல்லக்கின் உடைந்த தண்டையும் இரண்டு யாளி முகத்தையும் சரி செய்யச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து ஆள் வரவழைத்தால் விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் என்று நாலாயிரம் வெள்ளி தாண்டும். இவன் இரண்டு வாரத்தில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு முடித்தான். பிறகு ஒரு வீட்டுப் பூசை அறைக் கதவு. பிறகு இரண்டு வீணைகளுக்கு உடைந்த யாளித் தலை. இந்த நாட்டில் எத்தனை கோயில்கள், எத்தனை பல்லக்குகள், எத்தனை வாகனங்கள்! அத்தனைக்கும் பழுது பார்க்க ஆள் வேண்டும். நாற்காலி செய்ய மூவாரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாளிக்குப் பல் வைக்க நம் வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? தட்டு விற்றுப் பிழைக்க முடியாமல் போகலாம். பழுது பார்த்துப் பிழைக்கலாம் என்பது என் கட்சி. நடுவர் அவர்கள் மறுத்துத் தீர்ப்புச் சொன்னாலும் என் கட்சி இதுதான்.

அதோடு முறையான படிப்பும் வேண்டும். என் கொட்டகை பள்ளிக்கூடம் ஆகாது. ரவாங்கில் தேசியக் கைவினைக் கழகம் இருக்கிறது. மலேசியக் கைவினைக் கழகத்தின் கீழ் இயங்குவது. பாத்தேக், நெசவு, மண்பாண்டம், உலோகத்தோடு மர வேலைக்கும் அங்கே படிப்பு உண்டு. எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்? விண்ணப்பப் படிவத்தைப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்? மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் பத்திரிகையில் எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். காலியாகக் கிடக்கும் இடத்தையும் ஒரு முறை எட்டிப் பார்க்கலாமே!

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பள்ளியில் வாழ்வியல் திறன் பாடம் நடத்தியவன். இப்போது அது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பெயர் மாறியிருக்கிறது. பெட்டியில் வரும் தொகுப்பை வாங்கி, வெட்டி வைத்த துண்டுகளை ஒட்டிக் காட்டிவிட்டுப் புள்ளி போட்டுவிடாதீர்கள். ஒரு ரப்பர் மரத் துண்டையும் கொஞ்சம் உப்புத்தாளையும் கொடுத்து, தேய்த்துக் கொண்டு வா என்று வீட்டுக்கு அனுப்புங்கள். போதும். மரத்தின் ரேகை தெரியத் தொடங்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்குக் கை இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். படிப்பில் கடைசி வரிசை என்று நாம் ஒதுக்கிய பிள்ளையாக அது இருக்கும், பல நேரங்களில்.

நேரம் முடிந்தது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். அவன் தாயார் என் கணக்கை முழுதாக ஏற்றுக் கொள்ளவில்லை. "ஒரு வருடம் பார்க்கலாம் சார். அதற்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா தொழிற்சாலையில சேர்த்துடுவேன், நீங்க குறுக்கே வரக் கூடாது" என்றார். சரி என்று ஒப்புக் கொண்டேன். ரவாங்குக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தலைவிளக்குக் கட்டிய அந்தப் பெண் சிற்பத்தை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. அது தம் மாமியார் மாதிரியே இருக்கிறது என்று சொல்லி, வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார்.